இரண்டாவது இரவை வெட்டாதீர்கள்: உயர்மலைப் பயணம் நடத்தும் நிறுவனங்களுக்கு ஒரு திறந்த மடல்

உயர்மலை நடைப்பயணங்களை நடத்தும் நிறுவனங்களின் உரிமையாளர்களுக்கும், பயண அட்டவணை போடுகிறவர்களுக்கும்,

அடுத்த பருவத்துக்கு நீங்கள் வெளியிட்டிருக்கும் அட்டவணைகளைப் பழையவற்றோடு பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு இதை எழுதுகிறோம். பாதை அதேதான், போய்ச் சேரும் உயரமும் அதேதான், நாட்கள் மட்டும் இரண்டு குறைந்திருக்கின்றன. நடக்க வேண்டிய நாட்களில் எதையும் குறைக்க வழியில்லை என்பதால், ஒரே முகாமில் இரண்டாவது இரவு தங்கும் நாட்களை எடுத்துவிட்டீர்கள். 'ஓய்வு நாள்' என்று அச்சிட்டிருந்த அந்த வரிகளை நம்பித்தான் மற்ற நாட்கள் எல்லாம் நிற்கின்றன. விடுமுறை குறைவாகக் கிடைப்பவர்களும் வரவேண்டும் என்பதற்காக இந்த மாற்றம் என்று காரணம் சொல்லியிருக்கிறீர்கள். உயரம் யாருடைய விடுமுறையையும் கணக்கில் எடுத்துக்கொள்வதில்லை. இந்த முடிவை எங்களால் ஏற்க முடியவில்லை.

உயரத்தில் ஆக்சிஜன் குறைவு என்று உங்கள் கையேடுகள் ஒரே வரியில் முடித்துவிடுகின்றன. காற்றில் ஆக்சிஜனின் பங்கு கடற்கரையிலும் எவரெஸ்ட் உச்சியிலும் அதே 21 சதவீதம்தான். குறைவது காற்றழுத்தம். 5500 மீட்டரில் அது கடல்மட்டத்தில் இருப்பதில் ஏறக்குறைய பாதி, எவரெஸ்ட் உச்சியில் மூன்றில் ஒரு பங்கு. மூச்சுக்கு மூச்சு உள்ளே போகும் ஆக்சிஜன் குறைந்தவுடன் உடல் வேகமாக மூச்சுவிடத் தொடங்குகிறது. அப்படி விடும்போது கரியமில வாயு அளவுக்கு மேல் வெளியேறி இரத்தத்தில் காரத்தன்மை கூடுகிறது. உடனே மூளை மூச்சுக்கு பிரேக் போடுகிறது. அந்த பிரேக்கைத் தளர்த்துவது சிறுநீரகத்தின் வேலை. பைகார்பனேட் என்ற காரப்பொருளைச் சிறுநீரில் தள்ளி இரத்தத்தைச் சமன்படுத்த அதற்குச் சில நாட்கள் பிடிக்கும்.

அதுவரை என்ன நடக்கிறது என்பதை இரவில் கூடாரத்துக்குள் கேட்கலாம். தூங்குகிறவரின் மூச்சு படிப்படியாக ஆழமாகும், பிறகு மெலியும், பிறகு பத்து விநாடிக்கு மேல் அடியோடு நிற்கும். பக்கத்தில் படுத்திருப்பவர் பயந்து எழுந்து உட்காரும் நேரத்தில் ஒரு பெரிய திணறலோடு மூச்சு திரும்பி வரும். விடியும்வரை இதுவே திரும்பத் திரும்ப நடக்கும். பகலில் எந்த உயரத்தைத் தொட்டோம் என்பதைவிட இரவில் எந்த உயரத்தில் படுத்தோம் என்பதைத்தான் மலை மருத்துவம் முதலில் கேட்கும். காரணம் இந்த இரவுகள்தான். உடற்தகுதி இதில் கைகொடுக்காது. மாரத்தான் ஓடுகிறவர் அடுத்த முகாமுக்கு மற்றவர்களைவிட இரண்டு மணி நேரம் முன்னால் போய்ச் சேர்வார். உயரத்துக்குப் பழகுவதில் அவருக்குச் சலுகை எதுவும் கிடையாது.

விதி உங்களுக்குத் தெரியாததல்ல. 3000 மீட்டரைத் தாண்டியபின் தூங்கும் உயரம் ஒரு இரவுக்கு 500 மீட்டருக்கு மேல் கூடக்கூடாது. மூன்று அல்லது நான்கு நாளுக்கு ஒருமுறை அதே இடத்தில் இன்னொரு இரவு தங்க வேண்டும். நிலஅமைப்பு இடம்தராமல் ஒரு நாள் 600, 700 மீட்டர் ஏறித்தான் ஆகவேண்டும் என்றால், அங்கே இரண்டாவது இரவு தங்கி அதை ஈடுகட்ட வேண்டும்.

எவரெஸ்ட் பேஸ் கேம்ப் பாதையைப் பாருங்கள். நாம்சே 3440 மீட்டர், தெங்போச்சே 3860, திங்போச்சே 4410, லோபுச்சே 4940, கோரக் ஷெப் 5164. நாம்சேயில் இரண்டு இரவு, திங்போச்சேயில் இரண்டு இரவு என்ற வழக்கம் எத்தனையோ பேர் பட்ட பாட்டிலிருந்து வந்தது. திங்போச்சேயின் இரண்டாவது இரவை எடுத்துவிட்டால், 3860-ல் தூங்கியவர் அதற்கு அடுத்தடுத்த இரண்டு இரவுகளில் 4940-க்குப் போய்விடுகிறார். 1080 மீட்டர். நுரையீரலில் நீர் கோக்கும் நோய் புதிய உயரத்துக்கு வந்த இரண்டாவது இரவு முதல் நான்காவது இரவுக்குள்தான் பெரும்பாலும் தலைகாட்டும். அந்த இரவுகளில் அவர் லோபுச்சேயிலோ கோரக் ஷெப்பிலோ படுத்திருப்பார். பாதை முழுவதிலும் கீழே இறக்குவதற்குக் கடினமான பகுதி அது.

கிளிமஞ்சாரோவின் மராங்கு பாதையை ஐந்து நாளில் விற்கும் அட்டவணையில் முதல் இரவு சுமார் 2720 மீட்டர், இரண்டாவது 3720, மூன்றாவது 4720. அந்த மூன்றாவது இரவிலும் முழுத்தூக்கம் கிடையாது, நள்ளிரவில் எழுப்பி 5895 மீட்டர் உச்சிக்கு நடக்க வைக்கிறார்கள். இரவுக்கு ஆயிரம் மீட்டர், அதாவது விதியைப் போல இரண்டு மடங்கு. இரண்டாவது இரவு தங்கும் ஹொரோம்போ முகாமில் இன்னும் ஒரே ஒரு இரவைச் சேர்த்தால் இது ஆறு நாள் பயணமாகிறது. அந்த ஒரு இரவைத்தான் மிச்சம் பிடிக்கிறீர்கள். லடாக்கில் விமானத்தில் லே நகரின் 3500 மீட்டருக்கு நேராக வந்து இறங்கியவரை, மறுநாளே கணவாய் தாண்டிக் கூட்டிப்போய் 4200 மீட்டருக்கு மேலிருக்கும் ஏரிக்கரையில் படுக்கவைக்கும் திட்டங்களும் இதே வகைதான்.

இதற்குச் சான்று பழையது, உறுதியானது. நேபாளத்தின் பெரிச்சேயில் 278 நடைப்பயணிகளை ஆராய்ந்து மருத்துவர்கள் ஹேக்கெட்டும் ரென்னியும் 1976-ல் வெளியிட்ட கட்டுரையில், 53 சதவீதம் பேருக்கு மலைநோய், அதாவது உயரம் தரும் தலைவலியும் குமட்டலும், இருந்தது. பாதையின் தொடக்கத்துக்கு விமானத்தில் வந்தவர்களிடமும், வேகமாக ஏறியவர்களிடமும், பழகுவதற்குக் குறைந்த இரவுகளே தங்கியவர்களிடமும் அது கூடுதலாகத் தென்பட்டது. இளவயதினர் தப்பவில்லை, அவர்களைத்தான் அதிகம் தாக்கியது. இந்திய இராணுவ மருத்துவர் இந்தர் சிங்கும் உடன் பணியாற்றியவர்களும் 1969-ல் 1925 படைவீரர்களின் மலைநோயைப் பதிவு செய்தார்கள். இன்றும் இந்திய இராணுவம் தன் வீரர்களை 9000 முதல் 12000 அடி வரை ஆறு நாள், 12000 முதல் 15000 அடி வரை நான்கு நாள், அதற்கு மேல் இன்னொரு நான்கு நாள் என்று பழக்கித்தான் வேலைக்கு அனுப்புகிறது. தினமும் உடற்பயிற்சி செய்யும் இருபது வயதுப் படைவீரருக்கு முதல் கட்டத்திலேயே ஆறு நாள் தேவைப்படுகிறது. அலுவலக நாற்காலியிலிருந்து எழுந்து வரும் நாற்பத்தைந்து வயதுக்காரருக்கு நீங்கள் ஒரு இரவுகூடத் தர மறுக்கிறீர்கள்.

'ஓய்வு நாள்' என்ற பெயரும் பாதிப் பிழைக்குக் காரணம். பணம் கட்டியவருக்கு அது வீணாகப் போகும் நாளாகப் படுகிறது. அதைப் 'பழகும் நாள்' என்று எழுதுங்கள், அன்று என்ன வேலை என்பதையும் எழுதுங்கள். காலையில் முதுகில் சுமையில்லாமல் 300 முதல் 500 மீட்டர் வரை மெதுவாக ஏற வேண்டும், மேலே அரைமணியோ ஒரு மணியோ இருந்துவிட்டுத் தூங்க அதே முகாமுக்கு இறங்கிவிட வேண்டும். பேசிக்கொண்டே நடக்க முடிகிற வேகம்தான் சரியான வேகம். அன்றைய நாள் வேலை நாள்தான் என்று தெரிந்தால் யாரும் அதைக் குறைக்கச் சொல்லிக் கேட்க மாட்டார்கள்.

வெட்டிய இரவுக்குப் பதிலாக நீங்கள் முன்வைக்கும் மூன்று பொருட்களைப் பற்றியும் சொல்ல வேண்டியிருக்கிறது.

முதலாவது மாத்திரை. அசெட்டசோலமைடு, நம்மில் பலரும் சொல்லும் டையமாக்ஸ், நல்ல மருந்து. சிறுநீரகம் பைகார்பனேட்டைத் தள்ளும் அதே வேலையை அது விரைவுபடுத்துகிறது. தடுப்புக்கு 125 மி.கி. காலையும் இரவும், ஏறுவதற்கு முந்தைய நாளிலிருந்தே தொடங்க வேண்டும். விரல் நுனி மரத்துக் குறுகுறுக்கும், சோடா சப்பென்றிருக்கும், சிறுநீர் அடிக்கடி போகும். இவற்றை முன்னாலேயே சொல்லிவிட்டால் யாரும் பயந்து நடுவில் நிறுத்த மாட்டார்கள். ஆனால் சல்ஃபா ஒவ்வாமை உண்டா, சிறுநீரகக் கோளாறு உண்டா என்று கேட்காமல் முதல் முகாமில் பட்டாணிபோல் விநியோகிப்பது குற்றம். அதைவிடப் பெரிய குற்றம், உச்சி ஏறும் இரவில் டெக்சாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு மருந்தைக் கொடுத்து ஏற்றிவிடுவது. அந்த மருந்து உடலைப் பழக்காது, அறிகுறிகளை மூடிவைக்கும். மேலே இருக்கும்போது அது தீர்ந்தால் மூடியிருந்ததெல்லாம் ஒரேயடியாகத் திரும்பி வரும். உயரத்தால் மூளை வீக்கம் வந்தவருக்கு முதலில் 8 மி.கி., பிறகு ஆறு மணிக்கொருமுறை 4 மி.கி. என்று கொடுத்து, கையோடு கீழே இறக்குவதற்காக வைத்திருக்கும் மருந்து அது.

இரண்டாவது, இரத்தத்தில் ஆக்சிஜன் எத்தனை சதவீதம் நிறைந்திருக்கிறது என்று காட்டும், விரலில் மாட்டும் ஆக்சிமீட்டர். குளிரில் விறைத்த விரலில் அது பொய் சொல்லும். நகப்பூச்சு இருந்தாலும் பொய் சொல்லும். ஐந்து நிமிடம் உட்காரவைத்து, கையைச் சூடாக்கி, எண் ஓரிடத்தில் நிலைக்கும்வரை காத்திருந்து படிக்க வேண்டும். 5000 மீட்டரில் நலமாக இருப்பவருக்கே 80-ஐ ஒட்டி வரலாம். ஆகவே தனி எண்ணுக்குப் பொருள் குறைவு. அவருடைய நேற்றைய எண்ணோடும் குழுவில் மற்றவர்களின் எண்ணோடும் ஒப்பிட்டால்தான் ஏதாவது தெரியும். வாந்தி எடுத்துக்கொண்டிருப்பவரின் விரலைப் பிடித்துப் பார்த்து, "88 இருக்கு, போகலாம்" என்று சொல்லும் பழக்கம் உங்கள் வழிகாட்டிகளிடையே பரவியிருக்கிறது. எண் நன்றாக இருக்கிறது என்பதற்காக அறிகுறியைத் தள்ளிவிடக் கூடாது என்பதை அவர்களுக்கு நீங்கள்தான் எழுத்தில் தர வேண்டும்.

அந்தக் கருவியைவிட அதிகம் சொல்லித்தரும் பரிசோதனை ஒன்று இருக்கிறது, அதற்குக் காசு செலவில்லை. சாப்பாட்டுக் கூடாரத்துக்கு வெளியே சமதரையில் ஒரு கோடு கிழித்து, ஒரு காலின் குதிகாலை மற்றக் காலின் விரல்நுனியோடு ஒட்டிவைத்துப் பத்து அடி நடந்து, திரும்பி வரச் சொல்லுங்கள். நலமாக இருப்பவர் களைப்பில் கொஞ்சம் அசைவார், ஆனாலும் கோட்டை விட்டு விலக மாட்டார். குடித்தவர்போல் பக்கவாட்டில் சாய்ந்தால் மூளை வீக்கம் என்றே வைத்துக்கொண்டு இறக்க வேண்டும். அதற்கு முன்பே சில அடையாளங்கள் தெரியும்: தட்டில் சோறு அப்படியே இருக்கும். ஷூ லேஸின் முடிச்சை அவிழ்க்கத் தெரியாமல் அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். கையுறையைக் கழற்றி எங்கோ வைத்துவிட்டு வெறுங்கையோடு நிற்பார். கலகலவென்று பேசுகிறவர் எரிந்து விழுவார். பன்னிரண்டு பேரை ஒரே வழிகாட்டியிடம் ஒப்படைத்தால் இதையெல்லாம் யார் கவனிப்பது?

மூன்றாவது, "எங்களிடம் ஆக்சிஜன் இருக்கிறது" என்ற வாசகம். எவ்வளவு என்று எழுதுங்கள். மருந்துக்கடையில் கிடைக்கும் ஸ்பிரே டப்பாவில் இருப்பது சில லிட்டர்தான். நிமிடத்துக்கு 2 லிட்டர் தேவைப்படுகிறவருக்கு 10 லிட்டர் டப்பா ஐந்து நிமிடத்தில் தீர்ந்துவிடும். 4 லிட்டர் கொள்ளளவுள்ள சிலிண்டரில் 300 பார் அழுத்தத்தில் நிரப்பினால் ஏறக்குறைய 1200 லிட்டர் இருக்கும். நிமிடத்துக்கு 2 லிட்டர் என்றால் பத்து மணி நேரம், 4 லிட்டர் என்றால் ஐந்து மணி நேரம். ஓர் இரவைத் தாண்டி விடியலில் இறக்கத் தொடங்குவதற்கு வேண்டிய அளவு இதுதான். ரெகுலேட்டரின் மரை சிலிண்டரோடு பொருந்துகிறதா, அழுத்தமானி என்ன காட்டுகிறது, முகமூடியில் கசிவு உண்டா என்று புறப்படும் ஊரிலேயே திறந்து பார்க்க வேண்டும். நிரப்பாத சிலிண்டரும் பொருந்தாத மரையும் நோயாளியின் தலைமாட்டில்தான் முதன்முறையாகக் கண்டுபிடிக்கப்படுகின்றன.

அழுத்தப் பை வைத்திருக்கும் நிறுவனங்கள் சில உண்டு, அவர்களைப் பாராட்டுகிறோம். ஆனால் அதைப் பழகியவர் குழுவில் இருக்கிறாரா? நோயாளியை உள்ளே படுக்கவைத்து, ஜிப்பை மூடி, கால்பம்பால் காற்றடித்தால் உள்ளே சுமார் 2 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு 2 பவுண்டு) அழுத்தம் கூடும். 1500 மீட்டரோ அதற்கு மேலோ இறங்கியதற்கு அது சமம். பை உப்பிவிட்டது என்று மிதிப்பதை நிறுத்தக்கூடாது. நிறுத்தினால் அவர் விட்ட மூச்சிலிருந்து வரும் கரியமில வாயு உள்ளேயே சேரும். நிமிடத்துக்குப் பத்துப் பன்னிரண்டு மிதி விடாமல் கொடுக்க வேண்டும், ஒரு மணி நேரத்துக்குக் குறையாமல். 5000 மீட்டரில் இப்படி மிதிப்பவர் கால்மணியில் களைத்துவிடுவார், மூன்று நான்கு பேர் மாறி மாறி மிதிக்க வேண்டும். காதடைப்பை விடுவிக்கும் முறையை உள்ளே போகுமுன் சொல்லித்தர வேண்டும். நுரையீரலில் நீர் கோத்தவரால் மட்டமாகப் படுக்க முடியாது, அதனால் பையின் தலைப்பக்கத்தை உயர்த்திவைக்க வேண்டும். வெளியே வந்த சில மணி நேரத்தில் நோய் திரும்பும். ஆகவே இந்தப் பை அவரைக் காலூன்ற வைத்துக் கீழே நடத்துவதற்கான அவகாசத்தைத்தான் தருகிறது.

நுரையீரல் நோயைச் சளி என்று எண்ணி விடிவதற்குக் காத்திருந்துதான் பலர் இறந்துபோகிறார்கள். முதலில் வறட்டு இருமல். பிறகு சமதரையில் கழிப்பறைக் கூடாரம்வரை நடந்தாலே மூச்சு வாங்கும். இரவில் தலையணைக்கடியில் பையைச் செருகிக்கொண்டு பாதி உட்கார்ந்தபடியே தூங்கப் பார்ப்பார். உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினால் அதற்குமேல் எந்த அடையாளத்துக்கும் காத்திருக்கக் கூடாது. முதுகில் காதை வைத்தால் மூச்சிழுக்கும்போது முடியை விரலிடுக்கில் தேய்ப்பதுபோல் ஒரு நொறநொறப்பு கேட்கும். இளஞ்சிவப்பு நுரை வரும்போது நேரம் ஏறக்குறைய கைநழுவிவிட்டது. அவரை நடக்கவிட்டால் நுரையீரலின் இரத்த அழுத்தம் இன்னும் ஏறும். முடிந்தவரை சுமந்துதான் இறக்க வேண்டும், குளிர் படாமல் போர்த்தி, 1000 மீட்டராவது, அல்லது தேறும்வரை. ஆக்சிஜனோ இறங்கும் வழியோ இல்லாத நேரத்தில்தான், மருத்துவர் எழுதிக்கொடுத்த, நுரையீரலின் இரத்த அழுத்தத்தைக் குறைக்கும் நிஃபெடிபின் மாத்திரை, மெதுவாகக் கரையும் வகை, 30 மி.கி. பன்னிரண்டு மணிக்கொன்று. ஹெலிகாப்டர் வரும் என்று உட்கார்ந்துவிடக் கூடாது. இரவிலும் மேகத்திலும் அது வராது, மெல்லிய காற்றில் அது தூக்கக்கூடிய எடையும் குறைவு.

சுமை தூக்கும் போர்ட்டர்களைப் பற்றித் தனியாகச் சொல்லியாக வேண்டும். அவர்கள் எல்லாரும் மலையுச்சிக் கிராமத்தில் பிறந்தவர்கள் என்று வாடிக்கையாளர்கள் நம்புகிறார்கள். பலர் தாழ்ந்த பள்ளத்தாக்கு ஊர்களிலிருந்து வருகிறவர்கள். நீங்கள் இரவை வெட்டினால் அவர்களுக்கும் வெட்டுகிறீர்கள், முதுகில் சுமையோடு. அவர்களுக்கு நோய் வந்தால் கூலியைக் கணக்குத் தீர்த்துத் தனியாகக் கீழே அனுப்பிவிடுகிறார்கள். 1997-ல் நேபாளத்தில் ஒரு போர்ட்டர் இப்படி இறந்துபோன பிறகுதான் போர்ட்டர்களுக்கான பன்னாட்டுப் பாதுகாப்புக் குழுவே உருவானது. அதற்குப் பிறகும் கான்வாஸ் ஷூவோடு பனியில் ஏறுகிறவர்களை ஒவ்வொரு பருவத்திலும் பார்க்கிறோம். நேபாளத்தில் 30 கிலோ, கிளிமஞ்சாரோவில் 20 கிலோ என்று சுமைக்கு வரம்பு இருக்கிறது. முதல் நாள் காலையில் நிறுத்துப் பார்த்துவிட்டு மூன்றாம் நாள் இரண்டு பேரின் சுமையை ஒருவர் முதுகில் ஏற்றினால் அந்த வரம்புக்கு மரியாதை இல்லை.

இவ்வளவுக்கும் அடியில் இருப்பது உங்கள் ஒப்பந்தப் படிவம். நடுவில் இறங்குகிறவருக்குப் பணம் திரும்பாது, இறங்கும் செலவும் அவருடையது, கூடவரும் வழிகாட்டியின் கூலியும் அவருடையது என்று அதில் எழுதியிருக்கிறீர்கள். தலைவலி வந்தவர் அதை மறைப்பதற்கு இதைவிட வேறு காரணம் வேண்டாம். வழிகாட்டிக்கு உச்சி தொட்டால்தான் நல்ல அன்பளிப்பு என்றால், அவரும் கேட்காமல் விட்டுவிடுவார். இருவரும் சேர்ந்து மறைத்த தலைவலி மறுநாள் இரவு என்னவாகும் என்று உங்களுக்குத் தெரியும்.

ஆகவே உங்களிடம் நாங்கள் கேட்பவை இவை.

எடுத்துவிட்ட இரவுகளை இந்தப் பருவம் தொடங்குமுன் திரும்பச் சேருங்கள். சேர்க்க முடியாத குறுகிய பயணங்களுக்கு இலக்கின் உயரத்தைக் குறையுங்கள். ஐந்து நாளில் 4000 மீட்டர்வரை போய்வர அழகான பாதைகள் எத்தனையோ இருக்கின்றன. அட்டவணையில் ஒவ்வொரு நாளுக்கும் எதிரே அன்று தூங்கும் உயரத்தையும், முந்தைய இரவைவிட அது எத்தனை மீட்டர் கூடுதல் என்பதையும் அச்சிடுங்கள். 500-ஐத் தாண்டும் இடத்தில் அதை எப்படி ஈடுகட்டுகிறீர்கள் என்று அதே வரியில் சொல்லுங்கள்.

நோயால் இறங்குகிறவரிடம் இறக்கும் செலவை வாங்காதீர்கள். அதை எல்லாரின் கட்டணத்திலும் முன்கூட்டியே சேர்த்துக்கொள்ளுங்கள். காப்பீடு கட்டாயம் என்று மட்டும் எழுதாமல், நீங்கள் கூட்டிப்போகும் உயரம்வரை அது செல்லுமா என்று பாலிசியை வாங்கிப் படியுங்கள். பல பாலிசிகளில் உயர வரம்பு உண்டு. ஏறுவதை நிறுத்தும் அதிகாரம் வழிகாட்டிக்கு உண்டு என்பதையும், அதற்காக அவர் கூலி குறையாது என்பதையும் எழுத்தில் கொடுங்கள். ஒருவரை இறக்க ஒரு வழிகாட்டி போனால் மீதிப்பேரோடு இன்னொருவர் இருக்க வேண்டும், ஆகவே எந்தக் குழுவுக்கும் வழிகாட்டிகள் இரண்டு பேருக்குக் குறையக் கூடாது.

ஆக்சிஜன் எத்தனை லிட்டர், எத்தனை சிலிண்டர், அழுத்தப் பை உண்டா, அதைப் பழகியவர் யார் என்பதை முன்பதிவுக்கு முன்பே தெரிவியுங்கள். போர்ட்டர்களுக்குப் பயணிகளுக்கு உள்ள அதே உடை, காலணி, கூடாரம், காப்பீடு, மருந்து கொடுங்கள். நோயுற்ற எந்தப் போர்ட்டரையும் தனியாக இறக்காதீர்கள், அவர் மொழி பேசும் ஒருவரைக் கூட அனுப்புங்கள்.

கடைசியாக, கடந்த மூன்று பருவங்களில் உங்கள் பயணங்களில் எத்தனை பேரை உயர நோயால் இறக்கினீர்கள், எந்த முகாமிலிருந்து, எத்தனையாவது இரவில் என்ற கணக்கை வெளியிடுங்கள். பெயர்கள் வேண்டாம், முகாமும் இரவும் போதும். முன்பதிவைத் திறப்பதற்கு முன் அந்தக் கணக்கு எங்கள் கைக்கு வரவேண்டும்.

இப்படிக்கு,
உயர்மலை வழிகாட்டிகளும் மலை மருத்துவம் பயின்றவர்களும்